வைஃபை திருடியது யார் என்று தெரிந்துவிட்டது

என்னங்க,

சாப்பாடு மேசையில் இருக்கிறது. நான் மாடி வீட்டு டெய்லரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறேன். பகலில் நம் வைஃபையைத் திருடுவது அவர்தான் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன் அல்லவா?

நெட் பார்க்க வந்த தம்பி இன்று தன் போனில் ஆப்பைத் திறந்து காட்டினார். "வெளியாள் யாருமில்லக்கா, சார் போன்தான். தினமும் பத்து மணிக்கு ஏறி நாலு மணி வரைக்கும் ஓடுது."

சிரித்தபடி அவரை அனுப்பிவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பின்சந்தில் நம் கார். உள்ளே நீங்கள், மடியில் நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ். உங்கள் ஆபீசுக்குப் போன் போட்டேன். "அவர் வேலையிலேர்ந்து நின்னு மூணு வாரமாச்சேம்மா" என்றாள் அங்கிருந்த பெண்.

ஊர்க்கதையெல்லாம் என் விரல்நுனியில் என்று கேலி செய்வீர்களே, என் வீட்டுக் கதை எனக்குத் தெரியவில்லை.

வேலை போனதற்குக் கோபமில்லை. தினமும் சாயங்காலம் மேனேஜரைப் பற்றிப் புதுசு புதுசாகக் கதை சொன்னீர்களே, அதற்குத்தான். நானும் உட்கார்ந்து சிரித்தேன்.

நாளையிலிருந்து ஹாலில் உட்காருங்கள். கார் வெயிலில் நிற்கிறது.

பி.கு.: டெய்லரம்மாவிடம் நெட் பெட்டியில் கோளாறு என்றுதான் சொல்லப்போகிறேன். இந்த ஒரு சேதி மட்டும் என் வாயிலிருந்து வெளியே போகாது.