இஞ்சினுக்குப் பின்னால் இருந்த தகடு

ஜூலை 13, சனி

தூக்கம் வரவில்லை. என் பழைய அமெரிக்கக் காரை, அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்ததோ, அப்படியே ஆக்க வேண்டும் என்று பத்து வருடமாகப் பாடுபடுகிறேன். வாழ்க்கையில் நான் முழுசாக முடிக்க நினைத்த ஒரே காரியம் அது.

இன்று தாமுவேயில் கார் நிற்கும் பட்டறைக்குப் போனால் வெல்டர் சேகர் சிரித்தபடி நின்றான்.

"அண்ணே, இஞ்சினுக்குப் பின்னால இருந்த துருப்பிடிச்ச தகட்டை வெட்டி எடுத்துட்டு, புதுசு வச்சிட்டேன். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

அந்தத் தகட்டில்தான் தொழிற்சாலையில் அடித்த எண் இருந்தது. இஞ்சினிலும் அதே எண். இரண்டும் ஒத்திருந்தால்தான் அது அசல் கார்.

"பழசு எங்கே?"

"மாவ்பியில இருக்கிற பழைய இரும்புக்கடைக்குப் போயிடுச்சு அண்ணே."

மழையில் மாவ்பிக்கு ஓடினேன். கடைக்காரர் கோ துன், "மஷீதோபூ" என்றார் பர்மிய மொழியில். இனி இல்லை என்று அர்த்தம். காலையிலேயே லாரி உருக்காலைக்குப் போய்விட்டதாம்.

திரும்பி வந்தேன். சேகர் புதுத் தகட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டு தெரியுதா அண்ணே?"

குனிந்து பார்த்தேன். எங்கே வெட்டினான் என்றே தெரியவில்லை. அவ்வளவு நேர்த்தி.

"தெரியலப்பா" என்றேன்.

நாளைக்கு பம்பருக்குப் பாலிஷ் போடுவதாக இருந்தேன். இனி எதற்கு?