அச்சகச் சந்தும் மூன்று நட்சத்திரமும்

மார்ச் 4, செவ்வாய்

மாடி காலி. நர்ஸ் பெண் காலையில் கிளம்பிவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஏதோ பயிற்சி என்று பன்னிரண்டு நாள் தங்கியிருந்தாள். போகும்போது விரிப்பை மடித்து, குப்பையைக் கட்டி, குளியலறையைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இணையத்தில் பார்த்து மாடியை நாள் வாடகைக்கு எடுக்க வருகிற எல்லாரும் இப்படி இருந்தால் எனக்கு வேலையே இருக்காது.

சாவியைக் கொடுக்கும்போது மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கார் வந்துவிட்டது. "வரேன் ஆன்ட்டி" என்று ஏறிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு தம்பதி பதிவு செய்திருக்கிறார்கள். புதுத் தலையணை உறை வாங்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

மூன்று நட்சத்திரம்!

இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் நான்கு வாங்கினேன். அதுவும் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கு. இப்போது மூன்று. என்ன எழுதியிருக்கிறாள் என்று இங்கே அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"வீடு படு சுத்தம். ஆன்ட்டி அன்பானவர். ஆனால் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் அச்சகச் சந்து பாதுகாப்பானது இல்லை. பைக்கில் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வருகிறார். மூன்று நாள் மாலையில் இப்படி நடந்தது. ஆன்ட்டியிடம் இரண்டு முறை சொன்னேன். 'எங்க தெரு அப்படிப்பட்ட தெரு இல்லம்மா' என்றார். தனியாக வரும் பெண்கள் யோசித்துக்கொள்ளுங்கள்."

உடம்பெல்லாம் எரிகிறது. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். நேரில் சொல்லத் துப்பில்லாமல் ஊருக்கெல்லாம் தண்டோரா போடுகிறாளா —

இல்லை. சொன்னாள். இரண்டு முறை. முதல் தடவை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை போனில் இருந்தேன், போனைக் கையால் பொத்திக்கொண்டு பதில் சொன்னேன். அந்த வாக்கியம் என்னுடையதுதான். "இல்லம்மா" என்பதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாள்.

சரி, சொன்னேன். அதற்கென்ன இப்போது? பத்தொன்பது வருஷம் இந்தத் தெருவில் இருக்கிறேன். பன்னிரண்டு நாள் இருந்தவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாதா?

மார்ச் 7, வெள்ளி

தம்பதி ரத்து செய்துவிட்டார்கள். காரணம் எழுதவில்லை. எழுத வேண்டுமா என்ன.

மார்ச் 9, ஞாயிறு

தெருச் சங்கக் கூட்டம். யாரோ அந்த விமர்சனத்தை அச்செடுத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். கை மாறிக் கை மாறி எல்லாரும் படித்தார்கள். கடைசி வீட்டை விற்க முயன்றுகொண்டிருப்பவர் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! நான்தான் எழுதினேன் என்பது போல.

என் அண்ணன்தான் சங்கத் தலைவர். என் வீட்டிலிருந்து நான்காவது வீடு. "அந்தப் பொண்ணு பொய் சொல்லுதுன்னு பதில் போடு. கண்டவங்களை ரூமுக்குக் கூட்டிட்டு வந்துச்சு, கேட்டதுக்கு இப்படி எழுதிடுச்சுன்னு போடு" என்றார்.

"யாரும் வரலையே அண்ணா."

"வந்தாங்களா இல்லையான்னு யார் வந்து பாக்கப் போறா?"

மருந்துக்கடைக்காரர் — சங்கத்தின் பொருளாளர் — இதமாகப் பேசினார். "அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. வெளியூர்ப் பொண்ணுங்க கொஞ்சம் பயந்த சுபாவம். அந்த வெப்சைட்காரங்களுக்குப் புகார் குடுத்தா அந்த விமர்சனத்தை எடுத்துடுவாங்க. நானே எழுதித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க." அவராவது மனுஷனாகப் பேசுகிறாரே என்று இருந்தது.

எதிர்வீட்டு டீச்சர் ஏதோ சொல்ல எழுந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் தீர்மானம்: இரண்டு வாரத்துக்குள் விமர்சனத்தை எடுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் மாடியை வாடகைக்கு விடவே கூடாது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீடு, என் மாடி. "ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல இருபத்தாறு வருஷம் வேலை பாத்தவ நான். எழுதினது தப்புன்னு தெரிஞ்சா திருத்துவேன். தெரிஞ்சுக்காம அழிக்க மாட்டேன்."

"எப்படித் தெரிஞ்சுக்குவ?" என்றார் அண்ணன்.

"அந்தச் சந்துல நானே நடந்து பாக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஒன்றும் இல்லை என்று நிரூபித்துவிட்டு அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிறேன் பாரு ஒரு பதில்.

மார்ச் 10, திங்கள்

நடந்தேன். மாலை ஏழு மணி, அவள் வரும் நேரம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல்வரை. நான் எப்போதும் பகலில்தான் அந்தப் பக்கம் போவேன். ஒரு பக்கம் மூடிக்கிடக்கும் அச்சகத்தின் நீளச் சுவர். இன்னொரு பக்கம் வீடுகளின் முதுகு, ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. விளக்கு மூன்று. எரிவது ஒன்று.

ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பூனை முறைத்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்றும் ஒன்றுமில்லை. நடக்கும்போதே அவளுக்கான பதிலை மனசுக்குள் எழுதிக்கொண்டு வந்தேன். நல்ல காரமாக.

மார்ச் 13, வியாழன்

மறக்கும் முன்னால் எழுதிவிடுகிறேன்.

தூறல். தலையை மூடிப் பெரிய சால்வை போட்டிருந்தேன். தோளில் பை. பின்னாலிருந்து பார்த்தால் யார் என்று தெரியாது. சந்துக்குள் திரும்பிப் பத்தடி வைத்ததும் பின்னால் பைக் சத்தம். வெளிச்சம் இல்லை. நான் மெதுவாக நடந்தால் அதுவும் மெதுவாக வந்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது.

எனக்கு ஐம்பத்தாறு வயசு. பிணவறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். ஆனாலும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன். பன்னிரண்டு நாள் இதில் நடந்து வந்தாளே அந்தப் பெண்!

விளக்கு எரியாத இடத்தில் பைக் பக்கத்தில் வந்து உரசுவது போல நின்றது. "என்ன, இன்னைக்கு லேட்டா?" சிரிப்புக் கலந்த குரல். தெரிந்த குரல்.

சால்வையை இறக்கிவிட்டுத் திரும்பினேன். மருந்துக்கடைக்காரர்.

"ஐயோ அக்கா! நீங்கன்னு தெரியல!"

நீங்கன்னு தெரியல.

அப்போ யாருன்னு நினைச்ச? யாரா இருந்தா பரவாயில்லைன்னு நினைச்ச?

"மழையா இருக்கே, யாரோ பொம்பளை தனியாப் போறாங்களேன்னு துணைக்கு வந்தேன் அக்கா."

"துணைக்கு வர்றவன் லைட்டைப் போட்டுட்டு வரலாமே" என்றேன். அந்தக் குரல் எனக்குள் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. விளக்கைப் போட்டான். போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷமா அவன் கையால மாத்திரை வாங்கி முழுங்கறேனே.

மார்ச் 14, வெள்ளி

அண்ணன் வீட்டுக்குப் போனேன். முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "அவன் அப்படிப்பட்டவன் இல்ல" என்றார்.

நான் சொன்ன அதே சொல். அதை இன்னொருவர் வாயில் கேட்கும்போதுதான் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று தெரிகிறது.

"உன் வயசென்ன? உன் பின்னாடி எவன் வரப் போறான்?"

"அதைத்தான் அண்ணா நானும் சொல்றேன். நான்னு தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டான்."

அண்ணி தலையை நிமிர்த்தவே இல்லை, காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் வெளியே வரும்போது அண்ணனின் மருமகள், கேட்டைச் சாத்துகிற சாக்கில் கூடவே வந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். அதிகம் பேசாத பெண்.

"அத்தை, நான் ரெண்டு வருஷமா அந்தச் சந்துல வர்றதில்ல. மெயின் ரோட்டைச் சுத்தித்தான் வரேன். இருபது நிமிஷம் கூடுதல்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்டயா? நீங்கதான் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் எங்க தெரு தங்கமான தெருன்னு சொல்லிட்டு இருப்பீங்களே."

பளாரென்று அறைந்தது போல இருந்தது. வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

மார்ச் 15, சனி

எதிர்வீட்டு டீச்சரிடம் போனேன். உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "என் பொண்ணை எதுக்கு ஹாஸ்டல்ல சேத்தேன்னு நினைச்சீங்க? படிப்புக்கா?"

மாலைக்குள் இன்னும் மூன்று வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆக ஐந்து பேர். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் நர்ஸ் பெண்ணுக்குச் சொன்னதுதான் நடக்கும்.

மார்ச் 17, திங்கள்

காவல் நிலையம். டீச்சர் வந்தார். அண்ணன் மருமகள் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. வேலைக்குப் போகும் உடையில், மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஒரே தெருக்காரங்க. கூப்பிட்டுப் பேசி முடிச்சுக்கலாமேம்மா" என்றார் அதிகாரி.

"பேசியாச்சு சார். நீங்க எழுதுங்க."

"பேரைப் போடணுமா?"

"முழுப் பேரையும் போடுங்க. கடைப் பேரையும் போடுங்க."

மூன்று கையெழுத்து. வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து பதில் போட்டேன். காரமெல்லாம் எங்கே போனதோ.

"இந்த விமர்சனத்தில் உள்ளது அத்தனையும் உண்மை. இவர் என்னிடம் இரண்டு முறை சொன்னதும் உண்மை, நான் காதில் போட்டுக்கொள்ளாததும் உண்மை. அந்தச் சந்தில் நானே நடந்து தெரிந்துகொண்டேன். போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். மாலையில் வரும் விருந்தாளிகளை நானே பஸ் நிறுத்தத்துக்கு வந்து அழைத்துக்கொள்வேன். இந்த விமர்சனத்தை எடுக்கும்படி யாரிடமும் கேட்க மாட்டேன்."

அவளுக்குத் தனியாகவும் எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லை எழுத எனக்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நர்ஸ் பெண்ணின் பதில்: "என் கையெழுத்தும் வேணும்னா சொல்லுங்க ஆன்ட்டி. லீவு போட்டுட்டு வரேன்."

இரண்டு தடவை படித்தேன். அப்புறம் அழுதேன், கொஞ்சம்.

மார்ச் 23, ஞாயிறு

கூட்டம். பொருளாளர் உடல்நிலை காரணமாகப் பதவி விலகிவிட்டாராம். அப்படித்தான் அண்ணன் வாசித்தார். அடுத்ததாக என் மாடியை மூடும் தீர்மானம்.

"நம்ம வீட்டுப் பொண்ணையே ஸ்டேஷன் வாசல்ல நிக்க வெச்சுட்ட. தெரு பேரே கெட்டுப்போச்சு."

"அந்தப் பொண்ணு எழுதினதால கெடல அண்ணா. அவன் லைட்டை அணைச்ச அன்னைக்கே கெட்டுப்போச்சு."

அண்ணன், ஆதரிப்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். அண்ணி கையைத் தூக்கவில்லை. மடியில் கோத்துக்கொண்டு, நேராக அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அண்ணி அவரை அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மூன்று ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் தோற்றது.

ஏப்ரல் 3, வியாழன்

சந்தில் விளக்குப் போட ஆட்கள் வந்தார்கள். அதற்கு ஆபீசுக்குப் பதினோரு போன், நான்கு தடவை நேரில். "நீங்கதானாம்மா அது?" என்றார் ஏணியில் இருந்தவர். நானேதான்.

ஏப்ரல் 12, சனி

போலீஸ் அவனைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டதாம். அவ்வளவுதான். கடை திறந்திருக்கிறது. அண்ணன் அங்கேதான் மருந்து வாங்குகிறார். கவரை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு என் வாசல் வழியாகப் போகிறார். போகட்டும். நான் இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் வாங்குகிறேன்.

மாடி ஐந்து வாரமாகக் காலி. பதிலைத் திருத்தி எழுதினால் ஆள் வரும் என்று டீச்சர்கூடச் சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன்.

மே 6, செவ்வாய்

பதிலைப் படித்துவிட்டுத்தான் வந்தேன் என்றாள் முதல் விருந்தாளி. தனியாக வந்தவள், நில அளவை செய்பவள். பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நான்கு நாள் இருந்தாள். நான்கு நட்சத்திரம். "தலையணை கல்லு மாதிரி இருக்கிறது." தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை.

மே 9, வெள்ளி

ஏழு மணி இருக்கும். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். சந்துப் பக்கமிருந்து பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணன் மருமகள், மெயின் ரோட்டைச் சுற்றாமல், தனியாக, போனில் புருஷனைக் காய்ச்சிக்கொண்டே வருகிறாள். "நான் என்ன வாங்கச் சொன்னேன், நீ என்ன வாங்கி வெச்சிருக்க?" இவளுக்கு இவ்வளவு பெரிய குரலா! நடுச் சந்தில் செருப்பு வார் அறுந்துவிட்டது. நின்றாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, குனிந்து, வாரை இழுத்துப் பார்த்தாள். சரியாகவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்ந்தபடி, ஒற்றைச் செருப்போடு மெதுவாக நடந்து வந்தாள்.