தலைக்கு ஒன்பது வீதம்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்

இன்று ஒரு நாட்டைத் திருத்தி முடித்தேன். லண்டன் ஹரோவில், எங்கள் சாப்பாட்டு மேசையில், உடுப்புக் காயும் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்து. அறுபது பக்க அறிக்கை.

கரீபியனில் ஒரு குட்டித் தீவு நாடு. பெயரை வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறேன். ஆகவே இங்கேயும் எழுதவில்லை. என் நாட்குறிப்பைத் திருட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் பார்!

பத்து வருடத்துக்கு முன் அங்கே அரசாங்கச் சீனி ஆலையை மூடினார்கள். அதற்குப் பிறகு தலைக்குரிய வருமானம் ஒன்பது வீதம் கூடியது. ஆகவே, பெரிய தீவுக்கும் சின்னத் தீவுக்கும் இடையில் அரசாங்கம் நட்டத்தில் ஓட்டும் கப்பலையும் நிறுத்தினால் நாடு இன்னும் வளரும் என்று எழுதியிருக்கிறேன். 'ஆகவே' போடுவதில் எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம்.

பெப்ரவரி 8, வியாழன்

எங்கள் ஆலோசனை நிறுவனத்தின் தலைவி ஹெலன் அறிக்கையை வாசித்துவிட்டு 'கிறிஸ்ப்' என்றாள். அப்பளத்துக்குச் சொல்கிற சொல். ஆனாலும் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

பெப்ரவரி 13, செவ்வாய்

அந்த நாட்டு நிதியமைச்சுடன் சூம் கூட்டம். புள்ளிவிபர அதிகாரி மார்வா நாற்பது நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"வருமானத்தை எத்தனை பேரால் பிரித்தீர்கள்?"

"அந்தந்த வருடம் இருந்தவர்களால்."

"ஆலை மூடியதும் எட்டாயிரம் பேர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள், டொக்டர் கிளறிற்றா."

கூட்டம் முடிந்ததும் தரவைத் திறந்தேன். அறுபதாயிரம் சனம் ஐம்பத்திரண்டாயிரம் ஆகியிருக்கிறது. மொத்த வருமானம் ஐந்தரை வீதம் *குறைந்து* இருக்கிறது. தலைகள் அதைவிட வேகமாகக் குறைந்ததால் தலைக்குரிய கணக்கு மேலே ஏறியிருக்கிறது. ஏற்கெனவே பிரித்து வந்த எண்ணை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. என்னிடம் முனைவர் பட்டம் வேறு இருக்கிறது.

பஸ் ஓட்டும் ஷிப்ட் முடித்து வந்த என் கணவர் றொஜனிடம் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார்:

"அப்ப நாங்கள் ரெண்டு பேரும் பிளேன் ஏறின அண்டைக்கு இலங்கையும் வளர்ந்திருக்குமே?"

"ஓம். கொஞ்சம்."

"என்னாலயும் ஒரு நாடு முன்னேறினது சந்தோசம்."

பெப்ரவரி 14, புதன்

காதலர் தினம். றொஜன் பூ தந்தார். நான் எக்செல் பார்த்தேன்.

பெப்ரவரி 15, வியாழன்

ஹெலனிடம் சொன்னேன். அடிக்குறிப்பில் போட்டால் போதும் என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏன் தலையாட்டினனான்? எனக்கென்ன வாயில்லையோ? வீட்டுக்கடன் இருக்கு — ஓம், அது எல்லாருக்கும்தான் இருக்கு.

பெப்ரவரி 16, வெள்ளி

மார்வாவுக்கு ஃபோன் எடுத்தேன். கப்பலில் ஒரு நாளைக்கு நானூறு பேர் போகிறார்கள். மரக்கறி விற்கிறவர்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்.

"கப்பல் நின்றால் அவர்களும் நாட்டை விட்டுப் போய்விடுவார்கள். உங்கள் எண் இன்னும் அழகாகிவிடும்" என்றாள்.

முதல் பக்கத்தையே மாற்றி எழுதினேன்: ஆலை மூடியதால் நாடு வளரவில்லை, கப்பலை நிறுத்தச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. ஹெலனுக்கும் அமைச்சுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். என் வாழ்க்கையின் ஒரேயொரு வீரச் செயல்.

அறிக்கையை இணைக்க மறந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டு இன்னொரு மின்னஞ்சல்.

பெப்ரவரி 20, செவ்வாய்

மார்ச்சுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை. ஹெலன் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். நான் நன்றி சொன்னேன்! நன்றி!

"பஸ் ஓட்டப் பழகுறீரோ?" என்றார் றொஜன். பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

செப்ரெம்பர் 12, வியாழன்

மார்வாவிடமிருந்து கடிதம். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் நடைமுறையைத் தாங்களே மாற்றியிருக்கிறார்களாம். பன்னிரண்டு நாள் எடுத்தது இப்போது மூன்று நாள். கடைகளில் சாமான் விலை இறங்கியிருக்கிறது, மீன் ஏற்றுமதிக்குப் புதிதாக இரண்டு கம்பனிகள். இதுவும் சீர்திருத்தம்தான். என் அறுபது பக்கத்தில் இதைப்பற்றி ஒரு வரி கிடையாது.

எண்களைச் சரிபார்க்க ஆறு கிழமைக்கு வர ஏலுமா என்று கேட்கிறாள். சம்பளம் கொஞ்சம்தான். ஓம் என்று எழுதிவிட்டேன். பதினொரு தீவு நாடுகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். ஒன்றிலும் கால் வைத்ததில்லை.

திங்கட்கிழமை பிளேன். அங்கிருந்து சின்னத் தீவுக்கு, நான் நிறுத்தச் சொன்ன அதே கப்பலில் இரண்டு மணித்தியாலம். வாந்தி வராமலிருக்கக் குளிசை வாங்க வேண்டும்.