எடுத்து வைத்த பம்ப்

12 ஆகஸ்டு, செவ்வாய்

மாலதியின் கார் இன்று ஜெராம் சாலையில், லோரியை இடிக்க ஒரு சாண் இருக்கும்போதுதான் நின்றிருக்கிறது. எஞ்சினைப் பெரிதாக்கியவள், போன வாரம் என் கடையில் பெரிய பிரேக் வாங்கி, வேறு பட்டறையில் மாட்டிக்கொண்டாள்.

"அண்ணே, மிதிச்சா பெடல் அடிவரைக்கும் போவுது லா."

பெரிய பிரேக்குக்கு, எண்ணெயைத் தள்ளும் பம்பும் பெரியதாக வேண்டும்; இல்லாவிட்டால் பெடல் இப்படித்தான் இறங்கும். அவள் பேரம் பேசியபோது, செட்டிலிருந்து பம்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் விலையைக் குறைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

இன்றும் முதலில், "மாட்டுனவன் சரியா மாட்டல," என்றேன்.

"பாப்பாவும் உள்ள இருந்தாண்ணே."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லிருந்தா கேட்ட காச குடுத்திருப்பேனே," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பம்பும் கூலியும் என் செலவு. பிரேக் எண்ணெய்க்கு மட்டும் அவள் முப்பது வெள்ளி காசு தருவாள். வியாழன்வரை கார் என் கடையில் நிற்கும். அதுவரை என் வேனை அவள் ஓட்டிக்கொள்வாள்.