இரண்டாம் உலர் அறை வியாழக்கிழமை திறக்கப்படுவது பற்றி

அனுப்புநர்
இரண்டாம் உலர் அறைப் பொறுப்பாளர்,
மர அறுவை ஆலை.
(குடியிருப்பு: ஆலையின் பின்புறம், கடைசி வரிசை, தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீடு)

பெறுநர்
தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்

பொருள்: முறையாக உலர்த்தாத பலகைகளை ரம்பத்தில் அறுக்கவைப்பதை வியாழன் காலை எட்டு மணிக்குள் நிறுத்தக் கோருதல்.

பார்வை: சென்ற மாதம் தங்கள் அலுவலகத்தில் நான் பெயரின்றிக் கொடுத்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பெயர் போடாமல் கொடுத்த மனுவைத் தங்கள் அலுவலகம் எங்கள் ஆலை மேலாளரிடமே கொடுத்துவிட்டது. அதனால் என் அக்கா இப்போது ரம்பத்தின் முன் நிற்கிறார்.

2. அந்த மனுவின் தலையில் ‘விளக்கம் தருக’ என்று தங்கள் அலுவலகக் குறிப்பு இருந்தது. மேலாளர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்பும் உரக்கப் படித்தார். உலர் அறையின் சூட்டுக் கணக்கு அதில் இருந்ததால், எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க யாருக்கும் அரை நிமிடம்கூட ஆகவில்லை.

3. மரத்தை உலர்த்தும் முறை தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் எழுதுகிறேன். அறுத்த பச்சைப் பலகையைப் பூச்சி மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து, காற்றுப் புக இடையிடையே ரீப்பர் குச்சிகள் வைத்து அடுக்கி, நிழலில் சில மாதம் காற்றாட விட வேண்டும். பிறகுதான் உலர் அறை. அங்கும் முதலில் இளஞ்சூடு. நாள் போகப் போகக் கூட்ட வேண்டும். இரண்டு அங்குலக் கனத்தில் வைரம் பாய்ந்த பலகை என்றால் ஐந்து வாரம் ஆகும். கடைசியில் ஒரு நாள் அறைக்குள் நீராவி விட்டுப் பலகையின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். எங்கள் ஆலையில் பலகை தொட்டியிலிருந்து நேரே அறைக்குள் போகிறது. முதல் நாளே முழுச் சூடு. பதினோராம் நாள் கதவைத் திறக்கிறார்கள். நீராவி கிடையாது.

4. இப்படிச் செய்தால் பலகையின் மேல்தோல் முதலில் காய்ந்து விறைத்துவிடும். உள்ளே இருக்கும் ஈரம் பின்னால் காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது தோல் விட்டுக்கொடுக்காது; அந்த இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்கு நல்ல பலகைதான். அதை நட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரு அங்குலக் கனத்துக்கு இரண்டாகப் பிளக்கும்போது, இரண்டு பாதியும் உள்நோக்கி வளைந்து வட்ட ரம்பத்தைக் கவ்வுகின்றன. ரம்பம் நிற்பதில்லை. பலகையைத் தூக்கி வீசுகிறது, தள்ளிக்கொண்டிருப்பவர் வயிற்றுக்கு நேராக. பிளந்த இடம் மூடிக்கொள்ளாமல் பிரித்துப் பிடிக்க ரம்பத்தின் பின்னால் ஒரு இரும்புத் தகடு இருந்தது. பலகை அதில் சிக்கி வேலை தாமதமாகிறது என்று கழற்றிவிட்டார்கள்.

5. அக்காவுக்கு முன் அந்த ரம்பத்தில் நின்றவரை நாங்கள் ‘அரைநூல் அண்ணன்’ என்போம். அளவில் அரை நூல்கூடப் பிசகாதவர். அவரைத் தொப்புளுக்குக் கீழே பலகை அடித்தது. பதிவேட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று இருக்கிறது. பார்க்கப் போனேன். “சத்தம் மாறுச்சுடா. என்னன்னு நினைக்கிறதுக்குள்ள நான் சுவத்துல இருந்தேன்” என்றார். அவரால் இன்னும் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

6. விபத்துக்குப் பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து ஈரம் பார்த்தார். கால் அங்குலம்கூட இறங்காத ஊசியை மேல்தோலில் குத்தி, எட்டு சதவீதம் என்று எழுதி, “அருமையா காஞ்சிருக்கே” என்று பாராட்டிவிட்டுப் போனார். அதே பலகையை நான் வெட்டி நடுவில் குத்தினேன். பத்தொன்பது.

7. மனுவைப் படித்து முடித்ததும் மேலாளர் என் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா எட்டு வருடமாக உப்புத்தாள் தேய்க்கும் மேசையில் இருந்தவர். “உங்க தம்பிக்கு ரம்பத்துக்கிட்ட நிக்கிறவங்க மேல ரொம்ப அக்கறையாமே. நீங்களே நில்லுங்கம்மா. அப்பதான் அவரு பலகைய ஒழுங்கா காயவைப்பாரு” என்றார். சிலர் சிரித்தார்கள். அன்றே சூட்டைக் குறைக்கும் பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். அறையைச் சூடாக்கும் அடுப்பில் கழிவுக் கட்டை போடுவதுதான் இப்போது என் வேலை. ஒரு நாள் போடாமல் இருந்து பார்த்தேன். வேறு ஆள் போட்டார். ஆக, என் அக்கா அறுக்கப்போகும் பலகையை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

8. வேலையை விட்டுவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். விட்டால் அன்றே வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு ஆலைக்குச் சொந்தம். அக்காவிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “டேய், நீ பயந்தாங்கொள்ளியா இருந்துக்கோ. என்னையும் ஏன்டா பயமுறுத்துற? பலகை என்ன கடிச்சா திங்கப்போகுது?” என்கிறார். சொல்லிவிட்டு, பழைய லாரி டயரை வெட்டி வயிற்றில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்.

9. ரம்பத்தின் சத்தம் உலர் அறை வரை கேட்கும். பலகை கவ்வும்போது அது கம்மிப்போகும். இந்த மூன்று வாரத்தில் பதினாறு முறை கம்மியது. ஒவ்வொரு முறையும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். இதுவரை அக்கா நின்றுகொண்டுதான் இருந்தார். அவரும் என்னைப் பார்த்துத் திட்டத்தான் செய்தார். ஆனால் அவை ஒன்றரை அங்குலப் பலகைகள். இப்போது அறையில் வெந்துகொண்டிருப்பது அரைநூல் அண்ணனை அடித்த அதே இரண்டு அங்குலக் கனம்.

10. உறையில் ஒரு மரத்துண்டு வைத்திருக்கிறேன். போன முறை அறையிலிருந்து வந்த பலகையின் நடுவிலிருந்து ஒரு சீவல் வெட்டி, அதன் உட்பகுதியை எடுத்துவிட்டு, முள்கரண்டி போல இரண்டு பல் மட்டும் விட்டேன். ஒழுங்காக உலர்ந்த மரத்தில் இரண்டும் நேராக நிற்கும். இதில் வெட்டிய உடனே இரண்டும் ஒட்டிக்கொண்டன. விரலால் பிரித்துப் பாருங்கள். விட்டதும் மூடிக்கொள்ளும். அதற்கு நடுவில்தான் ரம்பம் சுழல்கிறது.

11. நாளை வியாழன். காலை எட்டு மணிக்கு அறையைத் திறந்து அந்தப் பலகைகளை ரம்பத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறேன். தகட்டை மாட்டும்வரை, பலகைகளுக்கு நீராவி விட்டு நடுமரத்தின் ஈரத்தைத் தாங்களே அளந்து பார்க்கும்வரை, அந்த ரம்பத்தை ஓட்டக் கூடாது என்று எழுத்தில் ஒரு ஆணை வேண்டும். நான் சொன்னதில் பொய் இருந்தால் என்மேல் வழக்குப் போடுங்கள். ஆணையைக் கையோடு வாங்கிப்போகத் தங்கள் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாள்: புதன்கிழமை, காலை 10.15
இடம்: தங்கள் அலுவலக வராந்தா

அச்சத்துடனும் மரியாதையுடனும்,
(கையொப்பம்)
இரண்டாம் உலர் அறைப் பொறுப்பாளர்

இணைப்பு: மரத்துண்டு ஒன்று.

பின்குறிப்பு, மாலை 5.20: என் கையிலுள்ள நகலின் அடியில் இதை எழுதித் தங்கள் உதவியாளரிடம் கொடுக்கிறேன். தாங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்று காலையில் சொன்னார். கூட்டத்தில் இருக்கிறீர்கள் என்று மதியம் சொன்னார். இப்போது ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருக்கிறார். உறை பிரிக்கப்படாமல் அவர் மேசையிலேயே கிடக்கிறது. ஐயா, இரண்டு வரி போதும். எழுதிக் கொடுங்கள்.