துரையை இடுக்கிக்கொண்டு நடக்கிறேன், கோமதி

என் கோமதிக்கு,

முதலில் ஒரு திருத்தம். உன்னைக் கொன்ற சேவலை நான் மடியில் வைத்துக் கொஞ்சுகிறேன் என்று நம் தெருவில் பேச்சு. மடியில் வைப்பதில்லை. இறக்கை இரண்டும் அடங்கும்படி இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறேன். கொஞ்சுவதும் இல்லை. எனக்குக் கொஞ்ச வராது என்பது உனக்குத் தெரியும், தெருவுக்கு எப்படித் தெரியும்?

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சொல்கிறார்களாம். மழைக்கு வாங்கிய ரப்பர் பூட்ஸும் உன் அண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையும் மாட்டிக்கொண்டு, ஒரு கிழவி தினமும் காலையில் சேவலோடு கிணற்றைச் சுற்றி வந்தால் வேறு என்னதான் சொல்வார்கள்? அதை நான் திருத்தப் போவதில்லை.

நீ போய் நான்கு மாதம். உன் அண்ணன் போன பிறகு ஒன்பது வருஷம் இந்த மட்டாஞ்சேரி வீட்டில் நாம் இரண்டு பேர்தான். நாத்தனாரும் மதினியும் ஒரு கூரைக்குள் சண்டையே இல்லாமல் இருக்கிறோம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வேன். ஏன் சண்டை இல்லை என்று யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன்.

துரை வந்த கதை உனக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். பதினொரு முட்டை அடை வைத்தாய். கீரி புகுந்த பிறகு மிஞ்சியது ஒரே குஞ்சு. அதை அட்டைப் பெட்டியில் போட்டு, சமையலறையில் பல்பு வெளிச்சத்தில் வைத்து, உன் கையாலேயே தீனி கொடுத்து வளர்த்தாய். உன் தோளில் ஏறி உட்கார்ந்து காது மாட்டலைக் கொத்தும். துரை என்று பெயர் வைத்ததும் நீதான். நான் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'உன் கோழி' என்பேன்.

இரண்டு காலிலும் பின்பக்கம் குதிமுள் வளர்ந்ததும் அது ஆள்மேல் பாய ஆரம்பித்தது. முதலில் என்மேல்தான். துணி காயப்போடப் போனால் பின்னாலேயே வந்து கெண்டைக்காலில் ஓர் உதை. குடையால் ஒன்று போட்டேன். மறுநாளும் வந்தது, மறுநாளும் போட்டேன். தவறு செய்தால் அந்த நிமிஷமே அடி, பிறகு மறந்துவிடு என்பதுதான் கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்குக் கற்றுத்தந்தது. சேவல் மறக்காது என்று அவர்கள் சொல்லித்தரவில்லை.

மின்சார மீட்டர் பார்க்க வந்த பெண்ணின் காலை அது கிழித்த அன்று நான் கத்தியது நினைவிருக்கிறதா?

"பாவம் மதினி, வாயில்லா ஜீவன். அதுக்கென்ன தெரியும்?" என்றாய்.

"தெரியலேன்னா தெரிய வைக்கேன். இனி யார் கால்லயாவது ஒரு சொட்டு ரத்தம் பார்த்தேன், அன்னைக்கே கொழம்பு. கேட்டியா?"

பக்கத்து வீட்டு நபீசா மதில்மேல் தலையை நீட்டி, "கத்தி தீட்டியே வெச்சிருக்கேன் சேச்சி, ஒரு குரல் விளிச்சா போதும்!" என்றாள். அவளும் நானும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அதை அன்று நான் கவனிக்கவில்லை.

பிறகு நீ நொண்ட ஆரம்பித்தாய். மூட்டுவலி என்றாய். நான் என்ன சொன்னேன்? "உக்காந்தே இருந்தா மூட்டு பிடிக்கத்தான் செய்யும். நட." நீயும் நடந்தாய். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் அடுப்பில் வைக்காதவள் நான். உன் புடவை ஓரத்துக்கு மேலே அரை முழம் பார்க்கவில்லை.

கிணற்றடியில் நீ விழுந்ததும் ஆட்டோ பிடித்து எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் உன் காலில் சுற்றியிருந்த பழைய புடவைக் கிழிசலைப் பிரித்தபோது அறை முழுக்க வாடை. எத்தனை நாளாச்சு என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். சர்க்கரை உள்ளவளாச்சே, ஒரே வீட்டில்தானே இருக்கிறீர்கள் என்றார்.

"வேலி ஆணி கிழிச்சிட்டு மதினி," என்றாய் நீ. காய்ச்சலில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தும் அதைத்தான் சொன்னாய். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துளை. ஆணி அப்படியா கிழிக்கும்? எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று உனக்கும் தெரிந்திருக்கும்.

"துரைக்குத் தீனி போட்டீங்களா மதினி?"

"போட்டேன்."

போடவில்லை, கோமதி. அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியை வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நபீசாதான் இரக்கப்பட்டு இரண்டு நாள் கழித்துத் திறந்து அரிசி போட்டாள். நீ என்னிடம் கடைசியாகக் கேட்டது அது. நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது பொய். மறுநாள் உன்னால் பேச முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்த மறுநாள் நபீசா கத்தியோடு வந்தாள். "இனி எதுக்கு சேச்சி இந்தச் சனியன்? கண்ணை மூடிக்கோங்க, நான் பார்த்துக்கறேன்." நானும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். அந்த நேரம் பார்த்து, வீடு வீடாகக் கோழிகளுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர் கேட்டைத் திறந்தாள். சின்னப் பெண், பாலக்காட்டுக்காரி, தமிழ் பேசினாள். நான் குடையை ஓங்கிக்கொண்டு கூடையைத் தூக்கியதைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இதை அடிக்கறீங்க அம்மா?"

"ஒரு வருஷமா."

"கையில வளர்ந்த சேவலுக்கு மனுஷங்க மேல பயமே கிடையாது. உங்களையும் இன்னொரு சேவல்னுதான் நினைக்கும். நீங்க அடிச்சா சண்டைக்கு வந்திருக்கீங்கன்னு எடுத்துக்கும். அடுத்த ஆளைப் பார்த்ததும் மிச்சத்தை அங்க தீர்க்கும்."

தினமும் காலையில் அடித்து முடித்துக் குடையை மடக்கிக்கொண்டு நான் உள்ளே போவேன். அடுத்து முற்றத்துக்கு வருவது யார்? தீனிக் கிண்ணத்தோடு நீ. மிச்சச் சண்டை உன் காலுக்கு.

நபீசாவைப் போகச் சொன்னேன்.

டாக்டர் பெண் சொன்னதை அப்படியே செய்கிறேன். கூட்டை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். திமிறினால் விடக்கூடாது, உடம்பு தளர்ந்து அடங்கும்வரை நடக்க வேண்டும். பாய்ந்தால் அடிக்கவும் கூடாது, பின்வாங்கவும் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். முதல் வாரத்திலேயே என் கையில் மூன்று கீறல், காலில் இரண்டு. ஒவ்வொன்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, நபீசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதையெல்லாம் எதுக்கு என்கிட்ட காட்டறீங்க சேச்சி?" என்றாள். யாரிடமாவது காட்ட வேண்டும் அல்லவா?

போன திங்கட்கிழமை கூட்டைத் திறந்தேன். துரை வெளியே வந்தது, என்னைப் பார்த்தது, ஒதுங்கிப் போய்த் தீனி கொத்தியது. அவ்வளவுதான். ஒரு வருஷம் அடித்து வராதது மூன்றரை மாதத்தில் வந்துவிட்டது. இதை நீ உயிரோடு இருந்தபோதே செய்திருக்கலாமே என்று நினைத்தேன். அதைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கிணற்றடியிலேயே உட்கார்ந்து அழுதேன். நபீசா மதில் வழியாகப் பார்த்துவிட்டாள். தெருப் பேச்சு அங்கிருந்து கிளம்பியதுதான்.

துரையை அறுக்க மாட்டேன். நான் இருக்கும்வரை அவனுக்குத் தீனி போடுவேன், போட்டேன் என்று சொன்னால் போட்டிருப்பேன். எனக்குப் பிறகு நீ பார்த்துக்கொள் என்று நபீசாவிடம் கேட்டேன். "பின்னே, நீங்க போன அன்னைக்கே பிரியாணிதான். உங்க ஆயுசுக்கு அவனே துஆ செய்யட்டும்" என்கிறாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆனால் ஒன்று எனக்குத் தெரிந்தாக வேண்டும், கோமதி. சேவலைக் காப்பாற்றத்தான் காலை மறைத்தாயா? இல்லை, சேவலே இல்லாவிட்டாலும் எனக்குப் பயந்து மறைத்திருப்பாயா? முதலாவது என்றால் நான் எப்படியாவது சாப்பிட்டுத் தூங்கி மீதி நாளைக் கழித்துவிடுவேன். இரண்டாவது என்றால், அந்த ஒன்பது வருஷம் நீ இந்த வீட்டில் எப்படி இருந்தாய்?

நமது தமிழ்ச் சங்க மலரில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் கூட்டுக்காரிகள் படிப்பார்கள். கோயிலிலோ பஸ்ஸிலோ அவர்களில் யாரிடமாவது உன் காலைப் பற்றி, என்னைப் பற்றி, நீ ஏதாவது சொல்லியிருப்பாய். என்ன சொல்லியிருந்தாலும் கோபப்பட மாட்டேன், இது சத்தியம். போன் வேண்டாம், போனில் எல்லோரும் ஆறுதல்தான் சொல்கிறார்கள். நீ சொன்னதைச் சொன்னபடி ஒரு காகிதத்தில் எழுதி எனக்கு அனுப்பட்டும்.

உன் மதினி,
விசாலாட்சி