கதவில் ஒரு கண்ணாடி

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணா,

நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், கேட்டால் மட்டும் பதில் வந்துவிடுமா என்ன. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் மாதா கோயிலில் சிறார் பாதுகாப்புப் பணிக்குழு என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். முன்பு சாமியார்களால் பாதிக்கப்பட்டவர்கள் வந்து சொல்லலாம், விசாரிப்போம் என்று ஆயரின் கடிதத்தைப் பூசையிலேயே வாசித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியைதான் தலைவி. டைப் அடிக்கத் தெரிந்த பாவத்துக்கு நான் செயலர்.

அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாயே, ஒன்பது வயதில் பூசைக்கு உதவப் போனபோது பெரிய சாமி உடுப்பு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உன்னை என்ன செய்தார் என்று. அதை எழுதிக் கொடு அண்ணா. அவர் ஓய்வுபெற்ற பிறகும் இங்கேதான் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் அதே அறையில் பிள்ளைகளுக்குப் பூசைப் பயிற்சி கொடுக்கிறார். நீ சொன்னால் அதை நிறுத்திவிடலாம்.

அந்தக் கதவில் கண்ணாடி பதிக்கப்போகிறோம். உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பது புது விதி.

அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. "அவன் ஏன்டி கோயில் பக்கமே வரமாட்டேங்கிறான்" என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

உன்
வாயாடி


பிப்ரவரி 24

வாயாடிக்கு,

சுகம்தான். ஊரிலுள்ள லிஃப்டெல்லாம் ரிப்பேர் செய்ய நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில்தான் கெட்டுப்போகின்றன.

உன்னை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். சனிக்கிழமைதோறும் என்று எழுதியிருந்தாய் பார், அது என்னை விடவில்லை. நான்கு பக்கம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் அண்ணிக்குக்கூட இது தெரியாது. முதலில் நீ படி, பிறகு அவர்களிடம் கொடு.

எனக்கு மன்னிப்பும் வேண்டாம், நஷ்ட ஈடும் வேண்டாம். அந்த மனுஷன் பிள்ளைகளோடு அந்த அறையில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இன்னொன்று. கண்ணாடியைத் தாழ்வாக வைக்கச் சொல். பெரியவர்கள் தங்கள் கண்ணுக்கு நேராகத்தான் வைப்பார்கள். அந்த வயதில் என் தலை கதவின் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலேதான் இருந்தது.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

நீ வந்து குழுவின் முன்னால் பேசிவிட்டுப் போனதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. நீ போன பிறகு தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று கேட்டார். இப்போதைய பங்குச்சாமியார்தான், "அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்று உன்னைக் கேட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாய். எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. குறிப்பெடுக்க வேண்டியவள் என்பதால் உட்காரவில்லை.

முடிவு வரும்வரை பெரிய சாமி பயிற்சிக்கு வரக் கூடாது என்று சொல்லியாகிவிட்டது. கண்ணாடிக்கு ஆள் வந்து அளவெடுத்தார். தாழ்வாக என்று அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

ஊதுகிற சங்கை ஊதிவிட்டோம் அண்ணா. இந்த முறை விடியும் போலத்தான் இருக்கிறது.

உன்
வாயாடி


மே 14

சிறார் பாதுகாப்புப் பணிக்குழு

அன்புடையீர்,

தாங்கள் அளித்த புகார் கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட குருவானவர் தமக்கு அவ்வாறு எதுவும் நினைவில் இல்லை எனத் தெரிவித்துள்ளார். வேறு சாட்சிகள் இல்லாமையாலும், அவருடைய முதிர்ந்த வயதையும் நெடுநாள் பணியையும் கருதியும், மேல் நடவடிக்கை தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுள்ளது. தங்கள் மனக்காயம் ஆற ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்கப்படும்.

இறைப்பணியில்,
(ஒப்பம்)
செயலர்


மே 22

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்தையும் பார்த்தேன். கடைசி எழுத்தை அப்படிச் சுழித்து முடிக்கத் தங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

திருப்பலி வேண்டாம். என்னுடைய நான்கு பக்கங்களைத் திருப்பி அனுப்பிவிடவும்.

இப்படிக்கு,
புகார்தாரர்


ஜூலை 11

அண்ணா,

நான் எழுதிய எதற்கும் பதில் இல்லை. போன் செய்தால் அண்ணி எடுத்து, "அவர் வேலைக்குப் போயிருக்காரும்மா" என்கிறார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை.

கையெழுத்துப் போடமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். தலைமையாசிரியை எழுந்தே போய்விட்டார், திரும்ப வரவில்லை. "நீங்களும் போடலேன்னா வேற செயலரைப் போட்டுக்கிறோம்" என்றார் பங்குச்சாமியார். நானும் போய்விட்டால் அந்தக் கதவுக்கு வெளியே ஒருத்திகூட இருக்கமாட்டாளே என்று நினைத்துப் போட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. "சாமியைப் போய் அப்படிச் சொல்லலாமாடி" என்றாள். அப்புறம் உன் முதல் நற்கருணைப் படத்தை, அவர் உன் தோளில் கை போட்டு நிற்கிறாரே அதை, சுவரிலிருந்து கழற்றி பீரோவின் மேல் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் வழக்கம்போலப் பூசைக்குப் போனாள்.

பெரிய சாமி திரும்பவும் பயிற்சிக்கு வருகிறார். சனிக்கிழமைகளில் நான் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். "என்னம்மா, எனக்குக் காவலா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார். இதுவும் இந்த மாதத்தோடு சரி. குழுவின் வேலை முடிந்துவிட்டதாம், கலைக்கப்போகிறார்கள்.

கண்ணாடி பதித்தாகிவிட்டது. வேலைக்கு வந்தவரிடம் சண்டை போட்டேன். "பெரிய சாமிதான் மேல வைக்கச் சொன்னார்மா. பாக்க லட்சணமா இருக்கணும்ல" என்றார்.

நேற்று எழுந்து போய் அதன் வழியாகப் பார்த்தேன். உள்ளே பிள்ளைகளின் குரல் கேட்டது. கண்ணாடியில் அவர் முகம் மட்டும்தான் தெரிந்தது. பிள்ளைகள் ஒருவர்கூடத் தெரியவில்லை, அண்ணா.

உன்
வாயாடி